இடது ஆணி

ட்ரில் முனை இறங்க மறுத்தது.

கில்பர்ட் ஆஸ்க்யூ பிடியை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பார்த்தான். கீச்சென்ற சத்தம் பட்டறையாக மாறியிருந்த பழைய மால்ட் தானியக் கிடங்கின் கூரைவரை போய்த் திரும்பியது. வெள்ளைப் பெயிண்ட் மட்டும் பொரிந்து உதிர்ந்தது. அடியில் இருந்த எஃகில் ஒரு கீறல்கூட விழவில்லை. சாதாரண இரும்பாக இருந்தால் இந்நேரம் சீவல் சுருண்டு மேலே வந்திருக்கும். கையில் இருப்பது சாதாரண இரும்பு என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

இயந்திரத்தை நிறுத்தினான். பெல்ட் படபடத்து ஓய்ந்தது. துண்டை வைஸில் இறுக்கி, அரத்தை எடுத்து ஓரத்தில் ஒருமுறை இழுத்தான். கண்ணாடிமேல் இழுத்ததுபோல அரம் வழுக்கிக்கொண்டு போனது. இன்னொருமுறை இழுக்கத் தேவையே இல்லை. இருந்தும் இழுத்தான்.

அப்படியானால் காரில் இருப்பது மற்றது.

வெளியே விட் திங்கள் என்னும் தேவாலய விடுமுறையின் அமைதி. பக்கத்து மதுக்கடையின் முற்றத்தில் யாரோ பீப்பாயை உருட்டிக்கொண்டிருந்தார்கள். கார் காலையிலேயே போய்விட்டது. கில்பர்ட்டின் கூட்டாளி ஐவர் மெரிட் அதை ஓட்டிக்கொண்டு ஷெல்கோம்ப் மலையேற்றப் பந்தயத்துக்குப் போயிருந்தான். ஃபிட்டர் ஏமஸ் பக்கத்து இருக்கையில் கருவிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போயிருந்தார். கில்பர்ட் எந்தப் பந்தயத்துக்கும் போவதில்லை. ஐவர் ஓட்டுவதைப் பார்க்க அவனுக்கு நெஞ்சு தாங்காது. அந்த நாட்களில் பட்டறையைப் பூட்டிக்கொண்டு, கூட்டிப் பெருக்கி, அடுத்த காருக்கு வேண்டியதைத் தனியாகச் செய்து பார்த்துக்கொண்டிருப்பான்.

ஆஸ்க்யூ–மெரிட் கார்கள் என்று உலகத்தில் ஒரு டஜன்கூடக் கிடையாது. எல்லாம் இந்தக் கிடங்கில் கையால் கட்டியவை. இன்ஜினை வெளியே வாங்குவார்கள். அது பெரிய கம்பெனிக்காரர்களின் இன்ஜினுக்கு ஈடாகாது. அதனால் எடையில்தான் கை வைக்க முடியும். பெடலில் துளை, இருக்கைச் சட்டத்தில் துளை, கைபிரேக்கில் வரிசையாகத் துளை. துளைத்தெடுத்த வில்லைகளையும் சீவலையும் போட ஆளுக்கொரு தேயிலை டப்பா. சனிக்கிழமைதோறும் டப்பாக்களை மதுக்கடைச் சமையலறைத் தராசில் வைத்து நிறுப்பார்கள். குறைவாக எடுத்தவன் மற்றவர்களுக்கு சைடர் என்ற ஆப்பிள் மது வாங்கித் தரவேண்டும். ஐவர் விளையாட்டாக ஆரம்பித்த வழக்கம். போகப் போக அது ஒரு வெறியாகவே ஆகிவிட்டிருந்தது. ஒருநாள் ஏமஸ் கதவுத் தாழ்ப்பாளைத் துளைத்துவிட்டு, கார் நின்றாலும் பரவாயில்லை, கதவு லேசாக இருக்கும் என்று சொன்னார்.

அந்த வெறிக்குப் பயந்து கில்பர்ட் ஒரு விதி வைத்தான். ஸ்டியரிங், பிரேக் சம்பந்தப்பட்ட எதற்கும் அவனே வெள்ளை பூசுவான். வெள்ளை பூசியதை யாரும் தொடக்கூடாது. ஐவர்கூட அதை மீறியதில்லை.

வைஸில் இருந்த துண்டும் வெள்ளை பூசியதுதான். ஸ்டியரிங் பெட்டியிலிருந்து கீழே இறங்கி முன்சக்கரங்களை இழுத்துத் திருப்பும் ஒரு சாண் நீள ஆர்ம் அது. இதுவரை எந்தக் காரிலும் அதைத் துளைத்ததில்லை. இந்தக் காருக்குத்தான் ஐவர் நச்சரித்து நச்சரித்து அவனைக் கணக்குப் போட வைத்தான். நல்ல நிக்கல் எஃகில் செய்து, மூன்று துளை போட்டு, பிர்மிங்ஹாமுக்கு அனுப்பி உலையில் கடினமாக்கி வாங்கினால் தாங்கும். முதலில் துளைகளின் இடத்தைச் சரிபார்ப்பதற்காக, கிடைத்த இரும்பில் அதே அளவில் இன்னொன்று செய்தான். அது வெறும் மாதிரி. காரில் ஏறவேண்டியதே இல்லை.

சனிக்கிழமை மாலை இரண்டுக்கும் வெள்ளை பூசினான். மாதிரிக்கு ஏன் பூசினான்?  ஸ்டியரிங்குக்கு உரியது எது கையில் வந்தாலும் தூரிகை தானாகப் போய்விடும். மாதிரியை முதலில் பூசி வலது ஆணியில் மாட்டினான். நல்லதைப் பிறகு பூசி இடது ஆணியில் மாட்டினான். இடது பக்கம்தான் கார் நின்றது. காரை ஒட்டியிருப்பது காருக்கு. அவன் மனதில் அது அவ்வளவு தெளிவாக இருந்ததால் யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

ஏமஸ் வந்து தொட்டுப் பார்த்திருப்பார். இடது ஆணியில் இருந்தது ஈரம். வலதில் இருந்தது காய்ந்திருந்தது. இரண்டும் வெள்ளை, இரண்டிலும் மூன்று துளை. யாராக இருந்தாலும் காய்ந்ததைத்தான் எடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கில்பர்ட்டே காருக்கடியில் படுத்து விளக்கைப் பிடித்துப் பார்த்தான். நட் இறுகியிருந்தது, நட்டைப் பூட்டும் பின் மடங்கியிருந்தது, வெள்ளை பளிச்சென்று இருந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான். மிச்சமிருந்ததை மாதிரி என்றே எண்ணி, எந்த ஆணி என்று பாராமல், இன்று நாலாவது துளை போட்டுப் பார்க்க எடுத்தான்.

நல்ல ஆர்மைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஓடினான். அவர்கள் முதன்முதலில் கட்டிய கார் முற்றத்தில் தார்ப்பாய்க்கடியில் கிடந்தது. முன்பக்கக் கைப்பிடியைச் சுழற்றி அதைக் கிளப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆகிவிட்டது.

பாதையின் இருபுறமும் வேலிகள் வெள்ளையாகப் பூத்திருந்தன. அவன் எதையும் பார்க்கவில்லை. வளைவு வரும்போதெல்லாம் அவன் கைகள் தன் ஸ்டியரிங்கைத் திருப்பின. மனம் இன்னொரு ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தது. ஷெல்கோம்ப் பாதை அவனுக்குத் தெரியும். ஒரு பிரபுவின் மாளிகைக்குப் போகும் தனிப்பாதை. பாதி மலையில் பழைய சுண்ணாம்புக் குழியை ஒட்டி இடப்பக்கம் மடங்கும். அங்கேதான் ஸ்டியரிங்கை முழுப் பலத்தோடு இழுக்கவேண்டும். வெளிப்பக்கம் ஒரு கயிறும் சில வைக்கோல் கட்டுகளும் இருக்கும். அதற்கப்பால் குழி.

ஒரு திருப்பத்தில் ஆட்டு மந்தை வழியை அடைத்துக்கொண்டு நின்றது. இடையன் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டு, நிதானமாக நாயை விசிலடித்துக் கூப்பிட்டான். கில்பர்ட் ஹார்ன் அடிக்கவில்லை. ஆடுகள் மிரண்டால் இன்னும் தாமதமாகும். கைகளை ஸ்டியரிங்மேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆடாக ஓரம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவனுக்கு அந்தப் பொய் தோன்றியது.

பெட்ரோல் குழாய் கசிகிறது என்று சொல்லலாம். எவன் காரிலும் பெட்ரோல் குழாய் கசியும். அதனால் யாருடைய பெயரும் கெட்டுப்போவதில்லை. ஸ்டியரிங் அப்படியல்ல. ஆஸ்க்யூ–மெரிட் காரின் ஸ்டியரிங்கில் கோளாறு என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும், மாலைக்குள் இங்கிலாந்தில் பந்தயக் கார் வாங்கும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதுவும் இன்று திருமதி லிட்கேட் வருகிறார். லண்டனில் கார் விற்பனைக் கூடம் வைத்திருப்பவர். கார் மலையேறுவதைத் தன் கண்ணால் பார்த்தபிறகு, வருடம் முழுவதும் அவர்கள் கட்டும் கார்களையெல்லாம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அவர் எடுக்காவிட்டால் இலையுதிர் காலத்துக்குள் பட்டறையைப் பூட்டவேண்டியதுதான். இது மூன்று பேருக்கும் தெரியும்; யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வழி விட்டது. அவன் மிதித்தான்.

ஷெல்கோம்ப் வயலில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் புல்லில் தாறுமாறாக நின்றன. ஜனங்கள் கம்பளம் விரித்து ரொட்டியும் குளிர்ந்த இறைச்சியும் தின்றுகொண்டிருந்தார்கள். மேலே மரங்களுக்கு நடுவே ஏதோ ஒரு இன்ஜின் உறுமிக்கொண்டு ஏறியது. கில்பர்ட் நின்று கேட்டான். அவர்களுடையது இல்லை.

ஏமஸ் ஒரு மடக்கு மேசையருகே டீக் கோப்பையோடு நின்றார். கில்பர்ட்டைக் கண்டதும் கோப்பை வாய்க்குப் போகாமல் நின்றது.

“நீங்களா முதலாளி? சூரியன் மேற்க உதிச்சிருச்சா?”

கார் எங்கே என்று கில்பர்ட் கேட்டான். முதல் ஓட்டம் முடிந்துவிட்டது, அந்த அளவுக் கார்களில் இரண்டாவது இடம், இப்போது இரண்டாவது ஓட்டத்துக்கு வரிசையில் நிற்கிறது என்று ஏமஸ் சொன்னார். அந்த லண்டன் அம்மாள் தொடக்கக் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாராம். ஒருமுறை புன்னகைகூடச் செய்தாராம்.

“கார் எப்படிப் போச்சு?”

“அருமையாப் போச்சு. குழி வளைவுல மட்டும் ஸ்டியரிங் கொஞ்சம் லேட்டா வருதுன்னு சொன்னாரு. டயர்தான் மெத்து மெத்துன்னு இருந்திருக்கும். காத்தைக் கூட்டி விட்டிருக்கேன்.”

கில்பர்ட்டின் முகத்தைப் பார்த்து ஏமஸ் கோப்பையைக் கீழே வைத்தார். “என்ன முதலாளி?”

“வலது ஆணியில இருந்ததையா எடுத்தீங்க?”

ஏமஸ் சற்று யோசித்தார். “இடதுல இருந்தது கையில ஒட்டுச்சு,” என்றார். அதற்குமேல் கில்பர்ட் நிற்கவில்லை.

தொடக்கக் கோட்டில் ஒரே ஒரு கார்தான் முன்னால் இருந்தது. அதுவும் கொடி விழுந்து சீறிக்கொண்டு போனது. அடுத்து அவர்களுடைய சிறிய, வெறும் அலுமினியம் மின்னும் கார் கோட்டுக்கு உருண்டு வந்தது. ஐவர் ஓட்டுநர் கண்ணாடியைக் கண்மேல் இறக்கிக்கொண்டிருந்தான். கழுத்தில் வழக்கமான மஞ்சள் கைக்குட்டை. கயிற்றுக்கப்பால் சாம்பல்நிறக் கோட்டில் திருமதி லிட்கேட் குடையை ஊன்றி நின்றார்.

கில்பர்ட் கயிற்றுக்கடியில் குனிந்து நுழைந்தான். தொடக்கக் கொடி வைத்திருந்த உருண்டைத் தொப்பிக்காரர் ஏதோ கத்தினார். இன்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஐவர் திரும்பிப் பார்த்தான். முகம் முழுவதும் சிரிப்பு.

“கல்யாணத்துக்கே வராதவன் விருந்துக்கு வந்துட்டான் பாரு,” என்று கத்தினான். “எதுக்குடா வந்தே? தள்ளி நில்லு!”

கில்பர்ட் அவன் காதருகே குனிந்து, பெட்ரோல் குழாய் கசிகிறது, வண்டியை எடுக்காதே என்று சொன்னான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. ஐவர் புரிந்துகொண்டதுபோல் தலையாட்டினான். பானெட்டின் பக்கவாட்டுத் திறப்பு வழியாகக் கையை விட்டுக் குழாயைத் தடவி, விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, அவன் கண்ணெதிரே விரித்துக் காட்டினான். உலர்ந்த விரல்கள்.

“கசியலையேடா. போ, போய் டீ குடி.”

கொடிக்காரர் கொடியைத் தூக்கினார்.

கில்பர்ட் முன்சக்கரத்தருகே மண்டியிட்டான். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அந்த ஆர்ம் தெரிந்தது. வெள்ளை. நடுத் துளையிலிருந்து ஓரம்வரை பெயிண்ட் முடியிழைபோல் வெடித்திருந்தது. அடியில் உள்ள இரும்பு வளைந்து கொடுத்தால்தான் மேலே பூசியது அப்படி வெடிக்கும். சாலையில் காலையிலிருந்து எத்தனை வளைவு, மலையில் ஒரு வளைவு. இவ்வளவையும் இது எப்படித் தாங்கியது?

எழுந்து காருக்கு முன்னால் போய் நின்றான். இரண்டு கைகளையும் ரேடியேட்டர்மேல் வைத்தான். அது கொதித்தது. கையை எடுக்கவில்லை.

கொடி அந்தரத்தில் நின்றது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஐவரின் சிரிப்பு போய்விட்டது. அவன் வாய் அசைந்தது. திட்டுகிறான் என்று தெரிந்தது. கில்பர்ட் தன் வாழ்நாளில் கத்தியதில்லை. போரில்கூட, ஐவர் விமானம் ஓட்டுவான், அவன் தரையில் இன்ஜின் பார்ப்பான். ஐவர் கத்துவான், அவன் தலையசைப்பான். பேசாமல் இருப்பது ஒரு நல்ல குணம் என்றே இவ்வளவு காலமும் அவன் எண்ணியிருந்தான். வாயைத் திறந்தான். காற்று மட்டும் வந்தது. மறுபடி திறந்தான்.

அவன் உதடுகளில் எதைப் பார்த்தானோ, அந்த நொடியில் ஐவர் ஸ்விட்சை அணைத்தான்.

“ஆர்ம் தப்புடா! மாதிரியைப் போட்டிருக்கு! எது எதுன்னு நான்தான் சொல்லாம விட்டேன்! அடுத்த வளைவுல உன்னைக் கொன்னுடும்!”

இன்ஜின் நின்ற அமைதியில் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக மரங்கள்வரை போனது. எல்ம் மரத்துக் காகங்கள்கூட அடங்கியதுபோல் இருந்தது. கொடிக்காரர் கொடியைத் தாழ்த்தி, இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

 ஐவர் நேராகப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கயிற்றுப் பக்கம் பார்த்தான். திருமதி லிட்கேட் அசையவில்லை. அவன் கை மறுபடி ஸ்விட்சின் அருகே போய் நின்றதைக் கில்பர்ட் கண்டான். ரேடியேட்டர்மேல் இருந்த உள்ளங்கை எரிந்தது.

“முதல் ஓட்டத்துலயும் இதேதானா?” ஐவர் இப்போது மெதுவாகக் கேட்டான்.

“இதேதான்.”

“லேட்டா வந்துச்சு.”

“தெரியும். ஏமஸ் சொன்னாரு.”

ஐவர் கண்ணாடியைக் கழற்றினான். கழற்றியபின் அவன் முகம் வயதானவன் முகம்போல் இருந்தது. “வாபஸ்,” என்றான் கொடிக்காரரிடம்.

மூன்று பேருமாகக் காரைப் பின்னால் தள்ளினார்கள். கூட்டத்தில் ஒருவன் குதிரை வேண்டுமா என்று கேட்டான். ஏமஸ் மட்டும் திரும்பி அவனை முறைத்தார். காரை வயலின் ஓரத்தில், இரும்பு வேலிக் கதவருகே கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

திருமதி லிட்கேட் அங்கே வந்தார். காரைப் பார்க்கவில்லை, கில்பர்ட்டைப் பார்த்தார்.

“மிஸ்டர் ஆஸ்க்யூ, இதை என் காதுல விழாம சொல்லியிருக்கலாமே.”

“அப்படித்தான் சொல்லப் பார்த்தேன்மா.”

 அவர் ஏதோ சொல்லப்போகிறவர்போல் குடையின் நுனியால் புல்லைக் கிளறினார். பிறகு தலையை மட்டும் அசைத்துவிட்டு, பெரிய கம்பெனிக்காரர்களின் பச்சைக் கார்கள் நின்ற பக்கம் நடந்துபோனார். அவர் திரும்பிப் பார்ப்பார் என்று மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அவர் பார்க்கவில்லை.

ஏமஸ் காருக்கடியில் போய் ஆர்மைக் கழற்றினார். அதை அவர் கில்பர்ட்டிடம் கொடுக்க நீட்டியபோது ஐவர் நடுவில் கையை நீட்டி வாங்கிக்கொண்டான். புரட்டிப் பார்த்தான். வெடித்த பெயிண்டை நகத்தால் சுரண்டினான். அடியில் விரிசல் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. வேலிக் கதவின் இரண்டு கம்பிகளுக்கிடையே அதன் ஒரு முனையைச் செருகினான். பாதையோரம் கிடந்த ஒரு குழாயை மறுமுனையில் மாட்டி, அதில் தன் எடையைப் போட்டுத் தொங்கினான்.

அது உடையவில்லை. முதலில் ஒன்றுமே ஆகவில்லை.  பிறகு நடுத் துளை மெல்ல முட்டை வடிவமாக நீண்டது. ஆர்ம் அப்படியே கீழ்நோக்கி மடங்கி, ஐவரைப் புல்லில் இறக்கிவிட்டது. வெயிலில் மெழுகுவர்த்தி தலைசாய்வதுபோல.

ஐவர் புல்லிலேயே உட்கார்ந்திருந்தான்.

“ஒரு சத்தம்கூடப் போடலையேடா,” என்றான்.

  மலைமேல் ஒரு கார் வளைவைக் கடந்து போகும் சத்தம் கேட்டது. கூட்டம் கைதட்டியது. ஏமஸ் தொப்பியைக் கழற்றி அதன் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். காய்ந்ததை எடுத்தது தப்பில்லை ஏமஸ் என்று கில்பர்ட் அவரிடம் சொன்னான். இரண்டுமுறை சொன்னான். இரண்டாவது முறைதான் ஏமஸ் நிமிர்ந்து பார்த்தார்.

வீடு போய்ச் சேரவேண்டுமே. கில்பர்ட் கோட்டுப் பையிலிருந்து நல்ல ஆர்மை எடுத்தான். ட்ரில் முனை பட்ட இடத்தில் பெயிண்ட் உதிர்ந்து எஃகு மின்னியது. அதை ஐவரிடம் நீட்டினான்.

ஐவர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். “இது எது?”

“இடது ஆணியில இருந்தது. நல்லது. அரம் வெச்சுப் பார்த்துட்டேன், இறங்கல. ட்ரில்லும் இறங்கல. சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டுக்கும் நான்தான் பெயிண்ட் அடிச்சேன். மாதிரிக்கு அடிச்சிருக்கக்கூடாது. அடிச்சாலும் உங்க ரெண்டு பேர்கிட்ட சொல்லியிருக்கணும்.” அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி ஐவர் கேட்டதில்லை. ஐவர் அவனை ஏறிட்டுப் பார்த்தான்.

இத்தனை வருடத்தில் கில்பர்ட் தந்த எதையும் ஐவர் சோதித்துப் பார்த்ததில்லை. கொடுத்ததை மாட்டுவான், ஏறி உட்காருவான், மிதிப்பான். அவ்வளவுதான். இப்போது அவன் கருவிப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான். ஸ்பேனர்களை விலக்கித் துழாவி அரத்தை எடுத்தான். ஆர்மைத் தொடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் அரத்தை வைத்தான். இழுப்பதற்கு முன் ஒருகணம் நிறுத்தினான். அவன் கை கூசியது.

“பாரு,” என்றான் கில்பர்ட். “நல்லா அழுத்தியே பாரு.”

ஐவர் இழுத்தான். அரம் வழுக்கிக்கொண்டு போனது. திருப்பிப் பிடித்து மறுபக்கம் இழுத்தான். அங்கேயும் வழுக்கியது. பிறகு அதை ஏமஸிடம் கொடுத்தான். அவரும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அதுவரை கில்பர்ட் சிவந்துபோன உள்ளங்கைகளைக் குளிர்ந்த இரும்புக் கதவில் வைத்துக்கொண்டு காத்து நின்றான்.